பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்: வீடியோ கேம் ஹீரோக்களும் நம்ம ஹீரோக்களும்

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் எனக்கு ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. போன ஜனவரியில் அப்படி ஒரு நாள். ஷூவில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே நுழையும்போதே ஹாலில் ஒரே சிரிப்புச் சத்தம். அக்கா பையனும், கூடப் படிக்கிற இரண்டு பையன்களும் ஒரு போனைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வயது 15. இங்கேயே பிறந்தவன். தமிழ் நன்றாகப் புரியும். பேசச் சொன்னால் பாதிதான் வரும்.

எட்டிப் பார்த்தேன். ‘லிங்கா’ படத்தின் கிளைமாக்ஸ். சூப்பர் ஸ்டார் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து, வானத்தில் போய்க்கொண்டிருக்கும் பலூனைப் பிடிக்கிற காட்சி.

“மாமா, உங்க ஊர்ல கிராவிட்டியே கிடையாதா?” என்றான். நண்பர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ‘உங்க ஊர்’ என்று சொன்னானே, அதுதான் கொஞ்சம் குத்தியது.

அரை மணி நேரம் கழித்து அதே மூன்று பேரும் பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேம் ‘அன்சார்ட்டட் 3’. அதன் ஹீரோ நேதன் டிரேக், பறக்கிற சரக்கு விமானத்தின் பின்கதவு வழியாக வெளியே தூக்கி எறியப்படுகிறார். காற்றில் அலையும் சரக்கு வலையைப் பிடித்து மறுபடி மேலே ஏறுகிறார். சண்டை போடுகிறார். விமானம் உடைகிறது. பாராசூட் கட்டிய சரக்குப் பெட்டி ஒன்றை நடுவானத்திலேயே பிடித்து, பாலைவனத்தில் இறங்குகிறார். இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

“இது மட்டும் நம்புற மாதிரி இருக்காடா?” என்றேன்.

“தட்ஸ் டிஃபரன்ட், மாமா.”

“எப்படி டிஃபரன்ட்?”

தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தான். அந்த ‘எப்படி’க்கு அன்றைக்கு என்னிடமும் பதில் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். யோசித்த வரைக்கும் இங்கே எழுதுகிறேன்.

பிசிக்ஸ் பேப்பரில் இருவரும் ஃபெயில்

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஐடியில் வேலை பார்க்கிற பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தன். படித்தது இதுக்காவது உதவட்டுமே என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த மாதிரி சாகச கேம்களில் அடிக்கடி வருகிற காட்சி ஒன்று உண்டு. ஹீரோ ஆறு மீட்டர் கீழே விழுந்து, ஒரு பாறை விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்குவார். ஆறு மீட்டர் விழும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டரைத் தொடும். கை நீட்டி மடங்குகிற 30 சென்டிமீட்டருக்குள் அந்த வேகம் முழுதும் நிற்க வேண்டும். ஆள் எடை 75 கிலோ என்றால், அந்த நொடியில் விரல்களில் விழுகிற பாரம் சராசரியாக ஒன்றரை டன்னுக்கு மேல். ஒரு காரைக் கட்டி விரலில் தொங்கவிட்ட மாதிரி. விரல் இருக்காது. தோள்மூட்டும் இருக்காது.

‘அசாசின்ஸ் கிரீட்’ ஹீரோக்கள் கோபுர உச்சியிலிருந்து வைக்கோல் வண்டியில் குதிப்பார்களே, அது இன்னும் மோசம். உயரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 113 கிலோமீட்டர். ஒன்றரை மீட்டர் வைக்கோலில் அதை நிறுத்தினால், உடம்பு எடையைப் போல 33 மடங்கு விசை உடம்பைத் தாக்கும். அவர்களோ வைக்கோலைத் தட்டிவிட்டு எழுந்து நடந்து போகிறார்கள்.

‘லிங்கா’ பலூனுக்கும் இதே கணக்குதான். ஆக, பிசிக்ஸ் பேப்பரில் ரஜினியும் ஃபெயில், டிரேக்கும் ஃபெயில். ஒருத்தரைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, இன்னொருத்தரைப் பார்த்தால் உள்ளங்கை வியர்க்கிறது. அப்படியானால் காரணம் பிசிக்ஸ் இல்லை.

தலைகீழாகவும் பார்க்கலாம். 1972இல் வெஸ்னா வுலோவிச் என்ற யுகோஸ்லாவிய விமானப் பணிப்பெண், வெடித்துச் சிதறிய விமானத்தோடு 10,160 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட் இல்லாமல் விழுந்து உயிர் பிழைத்தார். கின்னஸில் ஏறிய விஷயம். இதையே சினிமாவில் வைத்தால் “போங்கப்பா” என்று எழுந்து போய்விடுவோம். நடந்ததா இல்லையா என்பது வேறு. நம்ப முடிகிறதா இல்லையா என்பது வேறு.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். பொய்யே சொல்லாதே என்று இந்தப் பழமொழி சொல்லவில்லை. மிகைப்படுத்துவது நமக்குப் புதுசா என்ன? உயர்வு நவிற்சி அணி என்று அதற்கு இலக்கணமே வைத்திருக்கிறோம். ஸ்கூலில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். மிகைப்படுத்து, ஆனால் பொருத்து. அந்தப் பொருத்தத்தை கேம் செய்கிறவர்கள் எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

பட்டன் நம்ம கையில்

முதல் காரணம் கன்ட்ரோலர். அந்த விமானக் காட்சி நன்றாக இருக்கிறது என்பதால் 2022இல் வந்த ‘அன்சார்ட்டட்’ சினிமாவில் ஏறக்குறைய அதையே எடுத்தார்கள். தியேட்டரில் பார்த்தேன். டாம் ஹாலண்ட் விமானத்திலிருந்து தொங்குகிறார். நான் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கேமில் அதே இடத்தில் கன்ட்ரோலர் கையில் வழுக்கியது.

சினிமாவில் ஹீரோ தப்பிப்பது டைரக்டர் முடிவு. கேமில் நான் பட்டனை அமுக்கினால்தான் தப்பிப்பார். நான்கு முறை என் தவறால் செத்துப்போய், ஐந்தாம் முறை பிடி கிடைக்கிறது. அந்த நான்கு சாவும் என் நினைவில் இருப்பதால் ஐந்தாவது பிடியை மனசு சந்தேகப்படுவதில்லை. கஷ்டப்பட்டு வாங்கியதை யாராவது பொய் என்பார்களா?

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் பெருமைப்படுகிற அந்தத் தாவலிலேயே ரகசியமாகச் சலுகை ஒளிந்திருக்கும். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போனபிறகும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாவல் பட்டனை ஏற்றுக்கொள்கிற கேம்கள் நிறைய உண்டு. இதற்கு ‘கயோட்டி டைம்’ என்று பெயர். ரோட் ரன்னர் கார்ட்டூனில் அந்த ஓநாய் மாதிரிப் பிராணி, மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடி, கீழே பார்த்தபிறகுதானே விழும், அதிலிருந்து வந்த பெயர். ‘செலஸ்டே’ கேமில் இது இருக்கிறது. இந்தச் சலுகையை எடுத்துவிட்டால் கேம் பிசிக்ஸுக்கு இன்னும் நெருக்கமாகும். ஆனால் ஆடுகிறவன் “நான் சரியாத்தானே அமுக்கினேன், கேம் ஏமாத்துது” என்பான். துல்லியமாக இருந்தால் பொய் மாதிரித் தெரிகிறது; கொஞ்சம் ஏமாற்றினால் நிஜம் மாதிரித் தெரிகிறது!

இரண்டாவது காரணம், சின்ன விஷயங்களில் அவர்கள் காட்டுகிற நேர்மை. 2009இல் வந்த ‘அன்சார்ட்டட் 2’இல் ஒரு ரயில் சண்டை வரும். நின்ற இடத்திலேயே ரயிலை வைத்துவிட்டு, பின்னால் மலையையும் மரத்தையும் ஓடவிடுவதுதான் சுலபமான வழி. சினிமாவில் காலங்காலமாகக் கார் காட்சிகளை அப்படித்தான் எடுத்தார்கள். நாட்டி டாக் நிறுவனத்தார் அப்படிச் செய்யவில்லை. ரயிலை அந்த உலகத்துக்குள் நிஜமாகவே ஓடவிட்டார்கள். வளைவில் பெட்டிகள் சாய்கின்றன. மேலே நிற்கிற ஆட்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். சாஃப்ட்வேர்காரனாகச் சொல்கிறேன், ஓடுகிற பொருளின் மேல் ஓடுகிற ஆட்களைச் சரியாக நிறுத்துவது லேசான வேலை இல்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்து நம் கண் ‘இது ரயில்தான்’ என்று ஒத்துக்கொள்கிறது. அப்புறம் அதன் மேல் என்ன நடந்தாலும் கூடவே போய்விடுகிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலை. அந்த ரயில் கவிழ்ந்து, பெட்டி மலை விளிம்பில் தொங்குகிறது. டிரேக் வயிற்றில் குண்டுக் காயம். அந்த இடத்தில் அவர் சூப்பர்மேன் இல்லை, முனகிக்கொண்டு ஏறுகிறார். பனியில் விழுந்து மயங்குகிறார். கண் விழிப்பது ஒரு திபெத்தியக் கிராமத்தில். அங்கே ஆடுகிறவர் ஓட முடியாது, துப்பாக்கி கிடையாது. மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான். மற்ற இடங்களில் குத்து விடுகிற அதே பட்டனை அமுக்கினால், இங்கே ஊர்க்காரர்களிடம் கை நீட்டுகிறார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அந்த ரயிலைவிட அந்தக் கிராமம்தான் ஞாபகம் இருக்கிறது. பெரிய பொய்க்கு அடுத்து ஒரு பெருமூச்சு விட இடம் கொடுத்தார்கள்.

அப்போ நம்ம ஹீரோ?

இந்த விலைக் கணக்கை வைத்துக்கொண்டு நம்ம படங்களுக்கு வருவோம். 2014 டிசம்பரில் ‘லிங்கா’ பலூன் காட்சியைப் பார்த்து வெளிநாட்டுப் பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை. ரசிகர்களான நாமும்தான் நெளிந்தோம். ரஜினி பறந்தால் நமக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு அவர் எதையும் இழக்கவில்லை, எதற்கும் பயப்படவில்லை.

அதே ரஜினி 1995இல் ‘பாட்ஷா’வில் ஒரே அடியில் ஆளைப் பறக்கவிட்டார். எந்த பிசிக்ஸ் அதை ஒத்துக்கொள்ளும்? ஆனால் தியேட்டரே எழுந்து நின்றது. ஏன்? அதற்கு முன்னால் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். ஆட்டோக்காரர் மாணிக்கம் ரத்தம் வழியச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார், தம்பிக்காக. அவ்வளவு நேரம் அடக்கிவைத்த கை, தங்கைமேல் ஒருத்தன் கை வைத்ததும் எழுகிறது. விலையை முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அந்த ஆள் எவ்வளவு தூரம் பறந்தால் என்ன?

ஆகவே, வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் நம்ம படத்தின் 20 வினாடித் துண்டைப் பார்த்துச் சிரித்தால் கோபப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். முன்பணத்தை வெட்டிவிட்டுப் பாய்ச்சலை மட்டும் காட்டினால் டிரேக்கும் கோமாளிதான். முழுப்படத்தையும் கூட உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகும் சிரித்தால், சிரிக்க வேண்டிய படமாகவே இருக்கலாம்.

நிஜமாகவே நம்ப முடியாதது எது?

இதுவரை கேம்களுக்கு வக்கீலாகப் பேசினேன். இனி எதிர்த் தரப்பு.

‘அன்சார்ட்டட் 3’இல் விமானத்திலிருந்து விழுந்த டிரேக், தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் அலைகிறார். கானல் தெரிகிறது, கால் இழுக்கிறது, உதடு வெடிக்கிறது. அருமையான பகுதி. விழுந்ததற்கு விலை கொடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து ஒரு பாழடைந்த ஊருக்கு வருகிறார். அங்கே துப்பாக்கிக்காரர்கள். சாகக் கிடந்த மனிதர் சுவருக்குச் சுவர் தாவிச் சுட்டுத் தள்ளுகிறார். விமானத்தில் வராத சிரிப்பு எனக்கு இங்கேதான் வந்தது.

2013இல் புதுப்பித்து வந்த ‘டூம் ரெய்டர்’ கதையும் இதுதான். இளம்பெண் லாரா கிராஃப்ட் தற்காப்புக்காக முதல் முறையாக ஒருவனைக் கொல்கிறாள். கை நடுங்குகிறது, உடைந்து அழுகிறாள். பார்க்கிற நமக்கே தொண்டை அடைக்கும். சில நிமிஷங்களில் அடுத்தவன், அடுத்தவன்... அப்புறம் எண்ணிக்கையே கிடையாது. தலையில் சரியாகச் சுட்டால் கூடுதல் புள்ளிவேறு.

கதை ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்று சொல்கிற இந்த முரண்பாட்டுக்கு 2007இலேயே கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் ‘லூடோநரேட்டிவ் டிஸனன்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார். ‘பயோஷாக்’ கேமைப் பற்றி எழுதியபோது சொன்னது. விமர்சகர்கள் இதைவைத்து டிரேக்கை வறுத்தெடுத்தார்கள்: கதையில் ஜோக்கடிக்கிற நல்ல பையன், ஆட்டத்தில் ஆயிரம் பேரைக் கொன்றவன். நாட்டி டாக் என்ன செய்தது தெரியுமா? 2016இல் வந்த நாலாம் பாகத்தில் ஆயிரம் எதிரிகளைச் சாய்த்தால் ஒரு கோப்பை. அதன் பெயரே ‘லூடோநரேட்டிவ் டிஸனன்ஸ்’! நானும் சிரித்தேன். ஆனால் ஜோக்கடித்துவிட்டால் கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடுமா?

இன்னொரு விளக்கமும் உண்டு. அந்தக் கேம்களில் வேலை பார்த்த அனிமேட்டர் ஒருவர் 2018இல் சொன்னது. டிரேக் மேல் குண்டே படுவதில்லையாம். திரை சிவப்பாவது காயத்தால் அல்ல, அவருடைய அதிர்ஷ்டம் தீர்ந்துகொண்டு வருவதைக் காட்டத்தானாம். அதிர்ஷ்டம் முழுக்கத் தீர்ந்ததும் படுகிற முதல் குண்டிலேயே செத்துவிடுவார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். டிரேக் ஏன் சாகவில்லை என்பதற்கு அது விளக்கம். அவரால் செத்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆயிரம் என்றதும் எனக்குப் பரணி ஞாபகம் வந்தது. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று படித்திருக்கிறோம். ஆயிரம் ஆட்களுக்கு இங்கே கோப்பை, ஆயிரம் யானைகளுக்கு அங்கே பரணி! ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைவிட மிகையான ஒன்றைத் தமிழில் காட்டுவது கஷ்டம். பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கின்றன. ஆனால் அதே பரணியில், போர் முடிந்த களத்தில் ஒரு பெண் தன் கணவன் உடல் எங்கே கிடக்கிறது என்று பிணம் தின்னும் பேய்களிடம் கேட்டுக்கொண்டு தேடுகிறாள். வெற்றியைப் பாட வந்த புலவர் களத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். சோழ ராஜாவுக்கு எழுதிய புகழ்ப்பாட்டிலேயே அதற்கு இடம் இருந்திருக்கிறது. கோப்பை கொடுக்கிற கேமில் இல்லை.

திரும்பிப் பார்த்தவர்கள்

அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இலங்கைக்காரர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காய், மிளகாய் கொண்டுவந்து கொடுப்பார். குளிர்காலத்தில் டீ குடிக்க வருவார். 2009இல் வன்னியில் இருந்தவர் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் அவர் வந்தபோது அக்கா பையன் திரும்பவும் விமானக் காட்சியை ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார். டிரேக் வெளியே விழுந்ததும், “உவனுக்கு ஒண்டும் நடக்காது ராசா. கதாநாயகன் எல்லோ!” என்று சிரித்தார். பையனும் சிரித்தான்.

பிறகு அவன் வேறு ஒரு கேமைப் போட்டான். போர் கேம். சிதைந்த தெரு ஒன்றில் ஹீரோ ஓடுகிறார். பக்கத்தில் ஷெல் விழுகிறது. உடனே எல்லாச் சத்தமும் அடங்கி, தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி மங்கி, ‘ங்...’ என்று ஒரு மெல்லிய விசில் மட்டும். பல கேம்களில் இருக்கிற உத்திதான். நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ‘சவுண்ட் டிசைன் சூப்பர்’ என்று நினைத்ததோடு சரி.

பெரியவர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார்.

“இதைச் செய்தவன் எங்கையோ கேட்டிருக்கிறான்” என்றார்.

திரையில் ஹீரோ எழுந்து, இரண்டு தடவை தலையை உலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தார். விசில் குறைந்து, இசை ஏறியது. “சத்தத்தைக் கொஞ்சம் குறை, ராசா” என்றார். பையன் குறைத்தான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும்போது, கூடப் போன என்னிடம் மட்டும் சொன்னார்:

“எழும்பின ஆக்கள் ஓடேல்லை தம்பி. ஆரார் எழும்பேல்லை எண்டு திரும்பிப் பாத்தவை.”

நான் மூன்று வாரமாகப் போட்ட கணக்கு எல்லாவற்றையும் அந்த ஒரு வரி தாண்டிப் போய்விட்டது.

விமானத்திலிருந்து விழுந்த பெரிய பொய் அவரை ஒன்றும் செய்யவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பொய் அது, யாரையும் ஏமாற்றாது. காதுக்குள் கேட்ட சின்ன நிஜம்தான் அவரைத் தாக்கியது. அந்த நிஜத்தை அவ்வளவு கவனமாகச் செய்தவர்கள், அடுத்த நொடியே ஹீரோவை ஓடவிட்டார்கள். ஷெல் விழுந்தால் காது எப்படி அடைக்கும் என்று கண்டுபிடிக்க மெனக்கெட்டிருக்கிறார்கள். மனிதர் என்ன செய்வார் என்று கேட்க மெனக்கெடவில்லை. பொருத்தம் அங்கேதான் அறுந்துபோகிறது.

பெரிய பொய்யைவிடச் சின்ன விஷயத்தில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள் என்பதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு உதாரணம். 2017இல் வந்த ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகஸி’ கேமின் கதை நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சாளர்களின் தொலைந்த நகரத்தைத் தேடி. ஹீரோயின் குளோயி பாதி இந்தியப் பெண். மலையைக் குடைந்த மாதிரிப் பிரம்மாண்ட சிலைகள், அருவிக்கு நடுவே கோபுரங்கள், கடைசியில் ஓடும் ரயிலில் சண்டை. அக்கா பையன் ரயில் சண்டையை நம்பவில்லை, “கிரேஸி” என்றான். ஆனால் சிலைகளைப் பார்த்து, “அடுத்த தடவை இந்தியா போகும்போது இதைப் பாக்கலாமா மாமா?” என்றான்.

நான் திருச்சிக்காரன். சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரில் 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர்கள் ஒரு தலைநகரம் வைத்து ஆண்டார்கள். அவர்கள் கட்டிய கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. நான் அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஹொய்சாளர் வேலை என்றால் வானளாவிய சிலை இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். பேலூர், ஹளேபீடு படங்களைக் காட்டினேன். மேடைமேல் தாழ்வாக நிற்கும் கோயில். கல்லில் நகை செய்த மாதிரி விரல் அகலத்துக்கு விரல் அகலம் வேலைப்பாடு. “இதுதான் நிஜமா? இது இன்னும் கூல்” என்றான். கேமைத் திட்டவில்லை நான். அதுதானே அவனைக் கேட்கவைத்தது! ஆனால் பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், எந்தப் பிள்ளைக்கு நம்ம ஊர் என்பது அந்தப் பிரம்மாண்ட சிலையாகவே நின்றுபோகும்?

என்னதான் சொல்ல வருகிறேன்?

கேம் ஆடாதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவன் கேட்கவும் மாட்டான். நானே விட முடியாமல்தான் இருக்கிறேன். ஹீரோக்கள் பறக்கட்டும், மலையிலிருந்து விழட்டும், வைக்கோலில் குதிக்கட்டும். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ‘இது நடக்குமா?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கேட்கலாம். இதற்கு இவன் என்ன விலை கொடுத்தான்? இவன் திரும்பிப் பார்த்தானா? நம்ம படமானாலும் சரி, அவர்கள் கேம் ஆனாலும் சரி, அதே கேள்விகள்தான். சில தடவை நம்ம ஹீரோ ஜெயிப்பார், சில தடவை டிரேக் ஜெயிப்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா பையனை உட்காரவைத்து ‘பாட்ஷா’வை முதலிலிருந்து போட்டேன். கம்பத்தில் கட்டி அடிக்கிற இடத்தில் போனைக் கீழே வைத்தான். ஆள் பறக்கிற இடத்தில், “ஓகே மாமா, திஸ் இஸ் டோட்டலி ஃபேக்” என்றான். ஆனால் எழுந்து நின்றுதான் சொன்னான்.

படம் முடிந்ததும் அந்தப் போர் கேமை எடுத்தான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், காலிங் பெல் அடித்தது. கத்தரிக்காய்ப் பையோடு பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு ஹாலுக்கு வருவதற்குள் டிவியில் விமானக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கேமை மாற்றச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை.